மரத்துப் போன காலுக்கு ஒத்தடம் வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கல்வராயன்மலைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன். அதுக்கப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, மாடு, மரவள்ளிக் காடு, அடுப்படி. குழுக் கூட்டத்துல எழுந்து சந்தா கணக்குச் சொல்றதுக்கே எனக்குக் கை நடுங்கும். போன மாசம் தலைவி அக்கா, "உங்க மாமியாரை நீ பார்த்துக்கிட்டியே, அதை நாலு பேருக்குச் சொல்லு"ன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ஏன் மாட்டேன்னு சொன்னேன்னு கடைசியில சொல்றேன்.

எங்க அத்தை முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. வெள்ளிமலைக்கு நடந்து வந்து, பஸ் ஏறி, என்கூட வந்திருக்காங்க. அவங்க வலது காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் இல்லை.

அத்தைக்குச் சர்க்கரை இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே தற்செயலாத்தான். மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு திட்டம் வந்துச்சே, 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில முதலமைச்சர் தொடங்கி வெச்சாங்க. அந்தத் திட்டத்துல வீடு வீடா வர்ற சுகாதாரத் தன்னார்வலர் யாருன்னு பார்த்தா, நம்மள மாதிரி குழுவுல இருக்கிற பொண்ணுங்கதான். எங்க ஊருக்கு வந்த தங்கச்சியும் பக்கத்து ஊர்க் குழு உறுப்பினர். திண்ணையில உட்கார வெச்சு, விரல்ல சின்னதா குத்தி, மெஷின்ல பார்த்துச்சு. வெறும் வயித்துல 126க்கு மேல போனாலே சர்க்கரை நோய்னு சொல்லுவாங்க. அத்தைக்கு 240க்கு மேல இருந்துச்சு. பிரஷரும் கூட. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உறுதி பண்ணி, மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வந்துச்சு. இந்தத் திட்டத்துக்கு 2024ல ஐக்கிய நாடுகள் சபையோட விருது கிடைச்சப்போ எனக்கே விருது கிடைச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறி வந்தது நம்ம பொண்ணுங்க.

ஆனா மாத்திரை வீட்டுக்கு வந்தா மட்டும் போதாது. வயித்துக்குள்ள போகணும். அத்தை ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டாங்க. அப்புறம், "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான இருக்கேன், இதைத் தின்னா வயிறு பொருமுது"ன்னு நிறுத்திட்டாங்க. தன்னார்வலர் வர்றப்போ வாங்கி, தகர டப்பாவுல போட்டு வெச்சிட்டாங்க. யாராவது கேட்டா சாப்பிடறேன்னு சொல்லிடுவாங்க. அந்த டப்பாவை நான் பார்த்தேன். பெரியவங்களை எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். இது என்னோட முதல் தப்பு.

சர்க்கரை நோய் வலிக்காது. அதுதான் அதோட தந்திரம். காய்ச்சல் வந்தா படுத்துடறோம், பல்லு வலிச்சா ஓடறோம். சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உள்ளுக்குள்ளேயே வேலை பார்க்கும். கண்ணு, கிட்னி, இதயம், கால் நரம்புன்னு ஒவ்வொண்ணா கெடுக்கும். நல்லாத்தான இருக்கேன்னு நாம நினைக்கற நேரத்துலதான் அது நடக்கும்.

கொஞ்ச நாள்ல அத்தை, "பாதம் மரத்துப் போன மாதிரி இருக்கு, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. ராத்திரியில எரியுதுன்னாங்க. நம்ம வீட்டுல கால் மரத்தா என்ன செய்வோம்? மணலை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுப்போம். எங்க அம்மா செஞ்சாங்க, பாட்டி செஞ்சாங்க. நானும் மணலை வறுத்து ஒத்தடம் குடுத்தேன். "சுடுதா அத்தை"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் வெச்சேன். "இல்லம்மா, இதமா இருக்கு, இன்னும் கொஞ்சம் சூடு வை"ன்னாங்க. வெச்சேன்.

மறுநாள் விரல்கிட்ட கொப்புளம். மூணாம் நாள் கொப்புளம் உடைஞ்சு போச்சு. அத்தை அதோடயே செருப்பு இல்லாம சாமைக் காட்டுக்குக் களை எடுக்கப் போனாங்க. மஞ்சள் பத்துப் போட்டோம், பச்சிலை வெச்சுக் கட்டினோம். வலி இல்லாததால அவங்களும் கண்டுக்கலை, நானும் அவிழ்த்துப் பார்க்கலை. பத்து நாள்ல விரல் கறுத்துப் போச்சு, வாடை வந்துச்சு. 108ல போட்டுக்கிட்டுக் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விரலை எடுத்தாதான் காலைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாங்க. எடுத்தாங்க. கால் தப்பிச்சது.

வைத்தியத்துக்குக் காசு கேக்கலை. ஆனா நாங்க பதினெட்டு நாள் அங்கே இருந்தோம். கூலி போச்சு, பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. மாடு பார்க்க ஆள் இல்லை. குழுவுல பத்தாயிரம் ரூபாய் அவசரக் கடன் குடுத்தாங்க. ரெண்டு தவணை நான் கட்டலை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அந்த நன்றிக்காகவும்தான் இங்க நிக்கிறேன்.

அந்தப் பதினெட்டு நாள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். வார்டுல ஒரு நர்ஸ் அக்கா இருந்தாங்க. மத்தவங்க மாதிரி "புரிஞ்சுதா"ன்னு கேக்க மாட்டாங்க. புரிஞ்சுதான்னு கேட்டா நாமளும் தலையை ஆட்டிடுவோம் இல்ல. அவங்க, "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லுங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு கேப்பாங்க. தப்பாச் சொன்னா திட்ட மாட்டாங்க. திரும்பச் சொல்லிக் குடுத்துட்டு, மறுநாள் காலையில மறுபடி கேப்பாங்க. அப்படிக் கத்துக்கிட்டதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

முதல்ல கால். சர்க்கரை ரொம்ப நாள் அதிகமா இருந்தா கால் நரம்பு செத்துப் போகும். சூடு தெரியாது, முள்ளு குத்தினா தெரியாது, செருப்புக்குள்ள கல்லு இருந்தா தெரியாது. ரத்த ஓட்டமும் குறையறதால புண் ஆறாது. அதனால சூடு வைக்கவே கூடாது. மணல் ஒத்தடம், செங்கல் ஒத்தடம், வெந்நீர்ல கால் வைக்கறது, குளிர்காலத்துல நெருப்புக்கிட்ட கால் நீட்டறது, எதுவும் வேண்டாம். நம்ம மலையில மார்கழியில எல்லாரும் அடுப்புக்கிட்டதான் உட்காருவோம். சர்க்கரைக்காரங்க கொஞ்சம் தள்ளி உட்காரணும், காலுக்குத் துணி உறை போட்டுக்கணும். "சுடுதா"ன்னு அவங்களைக் கேக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாது. குளிக்கற தண்ணியைக்கூட வேற ஒருத்தர் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் ஊத்தணும்.

தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தைப் பார்க்கணும். குனிய முடியாதவங்க ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில வெச்சுப் பார்க்கலாம். இல்லைன்னா பேரப் பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லுங்க. எங்க வீட்டுல என் பொண்ணுதான் பார்க்குது. கழுவி, விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைக்கணும். வெடிப்பு வராம பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனா விரல் இடுக்குல தடவக் கூடாது, அங்க ஈரம் தங்கிச் சேத்துப்புண் வரும். நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தைக் குடையக் கூடாது. கால் ஆணியை பிளேடால சீவவே கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு வேணும். போடறதுக்கு முன்னாடி ஒருதரம் தட்டிட்டுக் கையை விட்டுப் பார்க்கணும். சின்னக் கொப்புளமோ, நிறம் மாறினதோ தெரிஞ்சா அன்னிக்கே சுகாதார நிலையத்துக்குப் போகணும். பத்துப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

ரெண்டாவது, மாத்திரை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு விதமான மாத்திரை. நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி, பழைய தீப்பெட்டி மூணு எடுத்து, ஒண்ணுல உதிக்கிற சூரியன், ஒண்ணுல உச்சி வெயில், ஒண்ணுல நிலா வரைஞ்சு ஒட்டினேன். காலையில அன்னிக்கு உள்ளதை நான் போட்டு வைப்பேன். ராத்திரி நிலாப் பெட்டி காலியான்னு பார்ப்பேன். வயிறு பொருமுதுன்னு சொன்னது பொய் இல்லையாம். சர்க்கரை மாத்திரையில சிலது அப்படிச் செய்யுமாம். அதுக்கு நிறுத்தறது வைத்தியம் இல்லை. சாப்பாட்டோட சாப்பிடணும், அப்பவும் கஷ்டமா இருந்தா டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க. முன்னாடியே இது எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த டப்பா நிரம்பியிருக்காது.

மூணாவது, இன்சுலின். ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது ஊசி எழுதிக் குடுத்தாங்க. "இன்சுலின் போட்டா கடைசி கட்டம்"னு ஊர்ல பேசுவாங்க. அது தப்பு. அது உடம்புல சுரக்க வேண்டியது, போதாததை வெளியில இருந்து குடுக்கறோம், அவ்வளவுதான். எங்களுக்குக் குடுத்த பாட்டில்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருந்துச்சு. அதுக்கு 40னு போட்ட, சிவப்பு மூடி உள்ள ஊசிதான் போடணும். 100னு போட்ட ஊசியை மாத்திப் போட்டா அளவு தப்பிப் போகும். கலங்கலா இருக்கிற மருந்தைக் குலுக்கக் கூடாது, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல மெதுவா உருட்டணும். தொப்புளைச் சுத்தி ரெண்டு அங்குலம் விட்டுட்டு வயித்துல போடலாம். தினமும் ஒரே இடத்துல போட்டா கட்டி மாதிரி ஆகிடும், இடம் மாத்தணும்.

எங்க வீட்டுல பிரிட்ஜ் இல்லை. பெரிய மண்பானையில ஈர மணல் போட்டு, நடுவுல சின்னப் பானை வெச்சு, மருந்தைத் தண்ணி படாம பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள வெச்சு, மேல ஈரத்துணி மூடி நிழல்ல வெப்பேன். மணல் காயாம தண்ணி தெளிப்பேன். பிரிட்ஜ் இருக்கிறவங்க கதவுப் பக்கத் தட்டுல வையுங்க, ஐஸ் பெட்டியில வைக்காதீங்க, உறைஞ்சா மருந்து வீணாப் போகும். போட்ட ஊசியைக் குப்பையில வீசாம ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல சேர்த்து, சுகாதார நிலையத்துல திருப்பிக் குடுத்துடணும். நம்ம பிள்ளைங்க வெறுங்காலோடதான் ஓடும்.

நாலாவது, சர்க்கரை குறையறது. இதை எல்லாரும் கவனமாக் கேக்கணும். ஏறுற சர்க்கரை மெதுவாக் கெடுக்கும், இறங்குற சர்க்கரை அன்னிக்கே ஆளைக் கொன்னுடும். ஊர்க் கோயில் கும்பிடு அன்னிக்கு அத்தை விரதம்னு எனக்குச் சொல்லாமலே இருந்திருக்காங்க. நான் வழக்கம்போலக் காலையில ஊசி போட்டுட்டேன். பதினோரு மணிக்குப் பம்பை அடிக்கிற நேரம். அத்தைக்கு உடம்பு நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, என்னமோ உளறுறாங்க. சுத்தி நின்னவங்க, "சாமி வந்துடுச்சு"ன்னு கும்பிட்டுத் திருநீறு பூசறாங்க. எனக்கு மட்டும் நர்ஸ் அக்கா சொன்னது காதுல கேட்டுச்சு. ஓடிப்போய் மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வெச்சேன். கால் மணி நேரம் பார்த்தேன். இன்னும் நடுக்கம் இருந்துச்சு, இன்னொரு தரம் குடுத்தேன். அப்புறம் தெளிஞ்சு, "ஏம்மா, என்னை ஏன் எல்லாரும் கும்பிடறாங்க"ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) இப்போ சிரிக்கலாம். அன்னிக்கு எனக்கு உயிரே இல்லை. தெளிஞ்ச பிறகு பொங்கல் சோறு சாப்பிட வெச்சேன்.

நினைவுல வையுங்க. நடுக்கம், வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, உளறல் வந்தா உடனே சர்க்கரை குடுக்கணும். மெஷின் இருந்தா பாருங்க, 70க்குக் கீழ இருந்தா குறைவுதான். மெஷின் இல்லைன்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க. ஆனா நினைவு தப்பிப் போயிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குப் போன் பண்ணணும். ஊசி போடறவங்க சாப்பாடு தயாரா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் போடணும். விரதம் இருக்கணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

சாப்பாட்டைப் பத்திக் கொஞ்சம். மலைத்தேன் சர்க்கரைக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொல்றது தப்பு, தேனும் ஏத்தும். பலாச்சுளையும் மரவள்ளிக்கிழங்கும் ஏத்தும். சாமை, தினை, கேழ்வரகு நல்லதுதான், ஆனா நல்லதுன்னு ரெண்டு தட்டுச் சாப்பிட்டா அதுவும் ஏத்தும். தட்டுல பாதி கீரை, காய், கால் பங்கு சோறோ களியோ, கால் பங்கு பருப்பு, முட்டை, மொச்சை. அத்தைக்குத் தனியாச் சமைக்கறது இல்லை, வீடு முழுக்க இதுதான். முதல்ல என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார், இப்போ பழகிடுச்சு.

பிரஷர் இருக்கிறவங்களுக்கு உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அஞ்சு கிராம், அதுக்கு மேல வேண்டாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூணுலயும் உப்பு ஒளிஞ்சிருக்கு. பிரஷர் 140க்கு 90ன்னு தொட்டா அதிகம். பார்க்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும், மேடு ஏறி வந்த மூச்சோட பார்க்கக் கூடாது. மாத்திரையை நாமளா நிறுத்தினா பக்கவாதம் வரலாம். திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமப் போனாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்க்கறது, மந்திரிக்கறதுன்னு நேரம் போக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு, அதை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். மலையில இருந்து இறங்கவே நேரம் ஆகும். அதனால அறிகுறி தொடங்கின நேரத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு, அந்த நிமிஷமே கிளம்பணும். குடிக்க எதுவும் குடுக்கக் கூடாது.

இப்போ, நான் ஏன் பேச மாட்டேன்னு சொன்னேன்னு சொல்றேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர், "இந்தப் புண் எப்படி வந்துச்சு"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அத்தை, "காட்டுல முள்ளு குத்திடுச்சுங்க"ன்னு சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரர்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க. நாத்தனார்கிட்டயும், ஊர்லயும் அதைத்தான் சொன்னாங்க. மருமக வெச்ச ஒத்தடத்துலதான் மாமியார் விரல் போச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு அவங்க அந்த முள்ளை உண்டாக்கினாங்க. எனக்கும் அவங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒருநாளும் பேசினது இல்லை.

மேடையில பேசுன்னு சொன்னதும் எனக்கு அந்த முள்ளுதான் குத்திச்சு. நல்லாப் பார்த்துக்கிட்ட மருமகன்னு பேரு வாங்கிக்கிட்டு, ஒத்தடத்தைப் பத்திச் சொல்லாம மத்ததை மட்டும் சொன்னா, நாளைக்கே உங்கள்ல யாராவது ஒருத்தங்க மணல் வறுப்பீங்க. முந்தாநாள் ராத்திரி பாதத்தைத் துடைச்சு விடும்போது அத்தைகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம், "சொல்லிடு பாப்பா. என் விரல் வரப் போறதில்லை. நாலு பேரு கால் தப்பிக்கட்டும்"னாங்க. அதான் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரரும் பின்னாடி நிக்கிறார், அவருக்கும் இப்போதான் தெரியும்.

தெரிஞ்சு செஞ்ச தப்பு இல்லை. ஆனா கத்துக்காம இருக்கறது இனிமே தப்பு. 1989ல தருமபுரியில முதல் குழுக்களைத் தொடங்கினப்போ நம்மளை மாதிரி பொண்ணுங்க கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க, பேங்குக்குப் போகக் கத்துக்கிட்டாங்க. இதையும் நாம கத்துக்கலாம்.

கூட்டமைப்புக்கு என்னோட மூணு கோரிக்கை. ஒண்ணு, மாசம் ஒரு கூட்டத்துல சேமிப்புக் கணக்கு முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, சர்க்கரை இருக்கிற உறுப்பினர்களோட பாதத்தை நாமளே ஒருத்தருக்கொருத்தர் பார்க்கணும். பார்த்தோம்னு தீர்மான நோட்டுல எழுதணும். ரெண்டு, 30 வயசு தாண்டின எல்லா உறுப்பினர்களும் வருஷம் ஒரு தரமாவது சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கணும். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப் போறோம், நம்மளை மட்டும் விட்டுடறோம். மூணு, யாருக்காவது எதையாவது சொல்லிக் குடுத்தா, புரிஞ்சுதான்னு கேக்காம, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்க.

அதனால இப்போ நானே கேக்கறேன். கால் மரத்துப் போச்சுன்னா என்ன வைக்கக் கூடாது?

(கூட்டத்தில்: "ஒத்தடம்!")